அடுப்படி எறும்புக்கு வயல் மருந்து வேண்டாம்!

ஐப்பசியில் மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், அடுத்த வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் பயிரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் இன்னொன்றையும் கேட்பார்கள். "சார், வீட்டுல எறும்புத் தொல்லை தாங்கல. அரிசிப் பானை, சர்க்கரை டப்பா, புள்ளை தூங்குற தொட்டில் ஒண்ணும் பாக்கியில்லை. வயலுக்கு வாங்கின மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதைத் தூவலாமா?"

கேள்வியின் முதல் பாதி சாதாரணமானது. கடைசி வரிதான் எனக்குத் திக்கென்று இருக்கும். வயலுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருப்பது விவசாயி வீட்டில்தான். டவுனில் இருப்பவர் கடைக்குப் போய் எறும்புக்கென்று ஒன்றை வாங்குவார். நமக்கோ பரணில் ஒரு பொட்டலம், மாட்டுக்கொட்டகையில் அரை பாட்டில் எப்போதும் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனம் வராது. அந்த மிச்சம் அடுப்படிக்குள் வருவது இப்படித்தான்.

"தூவாதீர்கள்" என்று இன்று நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் "தூவுங்கள்" என்று சொன்னவனும் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்னதும் நடந்ததும்

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். நெல்லில் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு மீத்தைல் பாரத்தியான் 2 சதத் தூளைத் தூவச் சொல்லி நாங்களே பரிந்துரைத்த காலம் அது. ஒரு கிராமத்தில் வயல் பார்த்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். சுவரோரமாக எறும்புச் சாரி போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர், "இதுக்கு என்ன செய்யலாம் சார்?" என்றார். "அந்தத் தூள் மிச்சம் இருக்குமே, சுவரோரமா லேசா ஒரு கோடு போட்டு விடுங்க" என்றேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை.

அவர் திண்ணையில் போட்டார். எறும்பு நின்றது. அதைப் பார்த்த வீட்டு அம்மா, அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டிலும் போட்டார். அங்கே வெல்லப் பானை இருந்தது. பத்து நாள் கழித்து, தவழ்ந்து போன சின்னப் பையன் அந்தத் தட்டில் கையை அளைந்து வாயில் வைத்துவிட்டான். வாயில் எச்சில் ஒழுகியது, வாந்தி எடுத்தான், உடம்பெல்லாம் வேர்த்து, கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கிவிட்டது. அவன் அப்பா ஒரு காரியம் சரியாகச் செய்தார். பிள்ளையோடு மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார். பொட்டலத்தைப் பார்த்ததும் டாக்டர் என்ன விஷம் என்று தெரிந்துகொண்டு, அதற்கான அட்ரோபின் ஊசியை உடனே ஆரம்பித்தார். ஆறு நாள் கழித்துப் பையன் வீடு திரும்பினான்.

நான் பார்க்கப் போனபோது அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. "நீங்க திண்ணைக்குத்தான் சொன்னீங்க, நாங்கதான் உள்ள போட்டுட்டோம்" என்றார். அது எனக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது. திண்ணையில் வேலை செய்யும் மருந்து அடுப்படிக்குப் போகாமல் இருக்குமா? அதை யோசித்திருக்க வேண்டியது நான். அன்றிலிருந்து வீட்டு எறும்பு பற்றி யார் கேட்டாலும் அவசரமாகப் பதில் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையும் அந்தக் கணக்கில்தான்.

பரணில் கிடக்கும் பழைய பொட்டலங்கள்

அந்தக் காலத்தில் 'எறும்புப் பொடி' என்றால் பலருக்கும் பி.ஹெச்.சி. பொடிதான். கமேக்சின் என்று சொல்வார்கள். 1997-லேயே அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. நான் சொன்ன மீத்தைல் பாரத்தியானும், தோட்டங்களில் தூவிய கார்பாரில் தூளும் 2018 ஆகஸ்டில் தடையாயின. போரேட் குருணையும், 'கொசு மருந்து, கரப்பான் மருந்து' என்று வாங்கி வந்த டைக்ளோர்வாசும் 2020 டிசம்பர் கடைசியோடு நின்றுபோயின.

கடையில் நின்றுபோனாலும், பல வீட்டுப் பரணில் இவை இன்னும் இருக்கின்றன. லேபிள் கிழிந்து, பழைய மாவு டப்பாவிலோ, ஊறுகாய் பாட்டிலிலோ மாற்றி வைத்தது, பெயர் தெரியாமல் கிடக்கும். இந்த இதழைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் பரணைப் பாருங்கள். பெயர் தெரியாத பொடி இருந்தால் அதை வாய்க்காலிலோ குப்பையிலோ கொட்டாமல், எரிக்காமல், மூடி போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, உங்கள் வட்டாரத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் எறும்புப் புற்றில் வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் தூங்குபவர்களைக் கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. வீட்டுக்குள் அதற்கு இடமே கிடையாது.

உங்கள் வீட்டில் எந்த எறும்பு?

எல்லா எறும்புக்கும் ஒரே வைத்தியம் இல்லை. எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளையார் எறும்பு: சின்னதாகக் கறுப்பாக இருக்கும், தாறுமாறாக வேகமாக ஓடும், கடிக்காது. உணவில் விழுந்து கிடப்பதுதான் தொல்லை.

மஞ்சள் சிற்றெறும்பு: கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சின்னது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். சுவிட்ச் பெட்டி, நிலைப்படி இடுக்கு, சுவர் விரிசல் என்று வீட்டுக்குள்ளேயே கூடு வைக்கும். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். இதைத்தான் ஒழிப்பது கஷ்டம்.

நெருப்பெறும்பு: செம்பழுப்பு நிறம், கொட்டினால் தீப்பட்டது போல் எரியும். முற்றத்திலும் களத்து மேட்டிலும் மண்ணைக் கிளறிக் கூடு வைத்து, வீட்டுக்குள் எண்ணெய்ப் பண்டத்துக்கும் கருவாட்டுக்கும் வரும்.

கட்டெறும்பு: பெரிதாகக் கறுப்பாக இருக்கும். மரத்தடியில் குடியிருக்கும். இனிப்பைத் தேடி வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.

வெள்ளை எறும்பு என்று சிலர் சொல்வது எறும்பே இல்லை. அது கரையான், கரப்பான் பூச்சியின் உறவு. அதற்கு வைத்தியம் வேறு.

மருந்து அடித்தும் ஏன் திரும்ப வருகிறது?

சாரியாகப் போகும் எறும்புகள் அந்தக் கூட்டில் ஒரு சிறு பகுதிதான். மீதி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்தவற்றை மட்டும் நீங்கள் கொன்றால், அடுத்த கூட்டம் அந்த வேலைக்கு வந்துவிடும். வயலில் களையின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு வேரை விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

மஞ்சள் சிற்றெறும்பில் இன்னொரு சங்கடம் உண்டு. நெடியுள்ள மருந்தை அடித்தால் அந்தக் கூடு பயந்துபோய் இரண்டு மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவும் ஒரு ராணியையும் கொஞ்சம் முட்டைகளையும் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்க் குடியேறும். "மருந்து அடிச்ச பிறகுதான் சார் அதிகமாச்சு" என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை, உண்மை.

எறும்பு போகும் வழியில் ஒரு வாசனைத் தடத்தை விட்டுப் போகும். பின்னால் வருபவை அதை மோப்பம் பிடித்தே வரும். அதனால்தான் ஒன்று கண்ட சர்க்கரை டப்பாவை அரை மணி நேரத்தில் ஊரே கண்டுவிடுகிறது. மழைக்காலத்தில் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடான, ஈரமில்லாத இடம் தேடும். நம் வீட்டுச் சுவர்தான் அதற்கு மேடு.

முதல் வேலை: தடத்தை அழிப்பது

சாரியைப் பார்த்ததும் அடிக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது, எங்கே நுழைகிறது என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஜன்னல் ஓரமா, தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டையா, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கா என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி வையுங்கள்.

உணவுப் பண்டத்தை எடுத்துவிட்டு, சாரி வந்த வழி முழுவதையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்தால் வாசனைத் தடம் முழுசாகப் போகாது. காடி இருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தும் துடைக்கலாம்.

பிறகு அரிசி, சர்க்கரை, வெல்லம், கடலை, கருவாடு எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கு மூட்டையை வீட்டுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் அதை மூடியுள்ள டிரம்முக்கு மாற்றுங்கள். அரிசியில் எறும்பு அடிக்கடி வந்தால் அரிசியைச் சலித்துப் பாருங்கள். பல சமயம் உள்ளே வண்டும் புழுவும் இருக்கும். அதைத் தின்னத்தான் எறும்பு வருகிறது. நன்றாக வெயிலில் காயவைத்து, வசம்பு போட்டு வைத்தால் வண்டும் குறையும், எறும்பும் குறையும்.

இரண்டாவது வேலை: கூட்டுக்கே விருந்து அனுப்புவது

இதுதான் முக்கியமான முறை. எறும்பைக் கொல்ல எறும்பையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ள வேண்டும். விஷம் மிகக் குறைவாகக் கலந்த இனிப்பை வைத்தால், எறும்பு அதைக் குடித்துவிட்டு உடனே சாகாமல் கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கும் ஊட்டும். குஞ்சுகளுக்கும் ராணிக்கும் அது போய்ச் சேரும்.

இதற்குத் தேவை போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுவதற்கும் இதைத்தான் பயன்படுத்துவார்கள். மருந்துக் கடையில் 'போரிக் ஆசிட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கலக்கும் அளவு: வெந்நீர் 100 மில்லி. சர்க்கரை 10 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டரை டீஸ்பூன். போரிக் பவுடர் 1 கிராம், அதாவது கால் டீஸ்பூன். இரண்டும் கரையும்வரை கலக்கி ஆற விடுங்கள்.

இந்த அளவைக் கூட்டாதீர்கள். "கொஞ்சம் தூக்கலா போட்டா சீக்கிரம் சாகும்" என்று நம்மில் பலருக்கு ஒரு கணக்கு உண்டு. வயலிலும் அந்தக் கணக்கால்தான் கெட்டோம். இங்கே போரிக் அதிகமானால் எறும்பு வாய் வைக்காது. வைத்தாலும் வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போகாது.

வைக்கும் விதம்: மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் எறும்பு நுழையும் அளவுக்கு மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். பஞ்சை அந்தக் கரைசலில் நனைத்து உள்ளே வைத்து, மூடியை அழுத்தி மூடி, டேப் ஒட்டுங்கள். மேலே 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். நீங்கள் பென்சிலால் குறி வைத்த இடத்துக்குப் பக்கத்தில், குழந்தை, கோழி, நாய் எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். பஞ்சு காய்வதற்குள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக நனைத்து வையுங்கள்.

முதல் இரண்டு நாள் எறும்பு அதிகமாக வரும். பயப்பட வேண்டாம், அப்படி வந்தால்தான் நல்லது. அந்த நாட்களில் டப்பா பக்கத்தில் துடைக்கவும் கூடாது, வேறு மருந்து அடிக்கவும் கூடாது. ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். மஞ்சள் சிற்றெறும்புக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். பொறுமையாக வைத்துக்கொண்டே இருங்கள்.

இனிப்பைச் சீண்டாத எறும்பும் உண்டு. அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அட்டையில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், ஒரு துளி நிலக்கடலை விழுது, ஒரு சிட்டிகை கருவாட்டுத் தூள் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எதில் கூட்டம் மொய்க்கிறதோ அதில் போரிக் கலக்க வேண்டும். கடலை விழுதாக இருந்தால் 100 கிராமுக்கு 1 கிராம் போதும், நன்றாகக் குழைத்து அதே மாதிரி டப்பாவுக்குள் வையுங்கள்.

போரிக் பவுடரும் விஷம்தான். வயல் மருந்தைவிட ஆபத்து மிகக் குறைவு என்பதால்தான் சொல்கிறேன். கலக்கிய பாத்திரத்தையும் கரண்டியையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். மிச்சக் கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

இதைச் செய்ய நேரமில்லை என்பவர்கள், வீட்டு உபயோகத்துக்கென்று கடையில் விற்கும் எறும்பு ஜெல்லை வாங்கலாம். லேபிளில் 'எறும்பு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிமருந்து லேபிளில் முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சைதான் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது வேலை: வழியை அடைப்பது

எறும்பு நின்ற பிறகுதான் ஓட்டைகளை அடைக்க வேண்டும். முன்னாலேயே அடைத்தால் அது வேறு வழி தேடும், நம் விருந்தும் கூட்டுக்குப் போகாது. சுவர் விரிசலுக்கு சிமெண்டு, குழாய் ஓட்டைக்கு எம்-சீல், மரநிலை இடுக்குக்கு புட்டி. ஓட்டு வீடு, கூரை வீடாக இருந்தால் மேலே சாயும் மரக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். முருங்கையும் கொய்யாவும் எறும்புக்கு ஏணி.

கொல்லையில் உள்ள செம்பருத்தி, கறிவேப்பிலை, கொய்யாவை ஒரு முறை உற்றுப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் இருந்தால், அவை கழிக்கும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்பு அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும். நாம் மாடு வளர்ப்பது போல எறும்பு அசுவினியை வளர்க்கிறது. பகைப்பூச்சி வந்தால் விரட்டியும் விடும். அதனால் அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். கொல்லையில் தீனி குறைந்தால் வீட்டுக்குள் வரும் கூட்டமும் குறையும்.

வெளியே உள்ள நெருப்பெறும்புப் புற்றுக்கு, கொதிக்கும் தண்ணீரை அதிகாலையில் மெதுவாக ஊற்றலாம். ஒரு முறையில் முழுவதும் சாகாது, நாலைந்து நாள் இடைவெளியில் மறுபடி ஊற்ற வேண்டும். செடி வேர் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைப்பது வேண்டவே வேண்டாம்.

பாட்டி வைத்தியம் எதுவரை?

மஞ்சள் தூள், சுண்ணாம்புக் கோடு, அடுப்புச் சாம்பல், கற்பூரம், சர்க்கரையில் கிராம்பு. இவை எல்லாம் எறும்பைத் தடுக்கும் அல்லது திசை திருப்பும். கூட்டை அழிக்காது. ஈரம் பட்டால் சாம்பலும் சுண்ணாம்பும் வேலை செய்யாது. அவசரத்துக்கு நல்லவை. ஆனால் போரிக் டப்பா வைத்திருக்கும்போது பக்கத்தில் இவற்றைப் போடாதீர்கள்.

எறும்பு சாக்பீஸ் என்று விற்பதில் பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்துதான் இருக்கும். பார்க்க பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் குழந்தை எடுத்துக் கிறுக்கும், கடிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாங்காதீர்கள்.

பழைய முறைகளில் எனக்குப் பிடித்தது தண்ணீர்க் கிண்ணம். அலமாரியின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துவது. செலவில்லை, விஷமில்லை. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிச் சின்னக் கிண்ணத்து நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். எறும்பைத் தடுத்துவிட்டு டெங்குவை வரவழைத்த வீடுகள் உண்டு. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தை நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கிண்ணத்தின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். புதுத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் எறும்பும் மிதந்து கடக்க முடியாது.

எறும்பு ஊரையே சூழ்ந்தால்

2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரத்துக் கிராமங்களில் மஞ்சள் நிற எறும்புகள் பெருகிப்போன செய்தியைப் படித்திருப்பீர்கள். மேயப் போன ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்கின, மக்கள் காட்டுப் பக்கம் போகவே தயங்கினார்கள். 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' என்று அதற்குப் பெயர். கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று.

உங்கள் ஊரில் நீண்ட காலும், மெலிந்த மஞ்சள் உடம்பும் கொண்ட எறும்பு திடீரென்று லட்சக்கணக்கில் தெரிந்தால், அவரவர் வீட்டில் மருந்து அடித்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஊராட்சி மூலமாக வேளாண்மைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் ஆளுக்கும் மாட்டுக்கும் நிறையச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவறி விஷம் பட்டுவிட்டால்

பூச்சிமருந்து யார் வாயிலாவது போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ பாலோ புகட்டாதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பொட்டலம், பாட்டில், டப்பா எதுவானாலும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். நான் சொன்ன அந்த அப்பா செய்தது அதைத்தான்.

வாசகர் கேள்விகள்

அடைக்கோழி முட்டையில் குஞ்சு ஓட்டை உடைக்கும் நேரம் எறும்பு ஏறிக் கொன்றுவிடுகிறது. என்ன செய்வது? – வாசகி, மணப்பாறை

ஓடு கீறியதும் வரும் ஈர வாசனைக்கு நெருப்பெறும்பு வந்துவிடும். அடைக் கூடையைத் தரையில் வைக்காமல், சின்ன ஸ்டூலில் வைத்து அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஸ்டூல் சுவரைத் தொடக் கூடாது. உடைந்த முட்டையையும் பழைய வைக்கோலையும் அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். கூடைக்குள் எந்தப் பொடியும் தூவ வேண்டாம், குஞ்சுக்கு ஆகாது. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களும் ஸ்டாண்டின் கால்களுக்கு இதே முறையைச் செய்யலாம்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு புகுந்து அடிக்கடி மோட்டார் ஓடாமல் போகிறது. மருந்து அடிக்கலாமா? – வாசகர், பெருந்துறை

அடிக்காதீர்கள். காண்டாக்ட் பாயிண்ட் நடுவில் எறும்பு நசுங்கிச் சேர்ந்துவிடுவதால்தான் மோட்டார் எடுப்பதில்லை. மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒயர் நுழையும் ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். மண்ணெண்ணெயோ ஸ்பிரேயோ அடித்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். பெட்டிக்கு வெளியே, சுவரோரம் மூடிய போரிக் டப்பாவை வையுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, தக்காளி விதை போட்டால் எறும்பு தூக்கிப் போகிறது. – வாசகி, தென்காசி

குழித்தட்டில் விதைத்து, தட்டைக் கால் உள்ள பலகையில் வைத்துக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மேட்டுப் பாத்தியில் விதைப்பதானால் விதையை மேலாக விடாமல் மண் மூடி, மெல்லிசாக வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பாத்தியைச் சுற்றி உலர்ந்த சாம்பல் போடலாம், மழைக்குப் பிறகு மறுபடி போட வேண்டும்.

குழந்தையின் காதில் எறும்பு போய்விட்டால்? – வாசகர், செஞ்சி

தீக்குச்சி, ஊக்கு எதையும் விடாதீர்கள். காதில் சீழ், ஓட்டை போன்ற பழைய தொந்தரவு இல்லாவிட்டால் லேசாக வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சிறிது நேரம் பொறுத்து, காதைக் கீழே சாய்த்தால் எறும்பு வந்துவிடும். வராவிட்டாலும், வலி தொடர்ந்தாலும் மருத்துவரிடம் போங்கள். எறும்பு கொட்டிய பிறகு முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு சிறகு முளைத்த பூச்சி வீட்டுக்குள் வருகிறது. எறும்பா, கரையானா? – வாசகர், அரியலூர்

இடுப்பைப் பாருங்கள். இடுப்பு குறுகி, மீசை முழங்கை போல மடங்கி, முன்சிறகு பின்சிறகைவிட நீளமாக இருந்தால் எறும்பு. இடுப்பு தெரியாமல் உடம்பு ஒரே தடிமனாக, மீசை நேராக, நாலு சிறகும் ஒரே நீளமாக இருந்தால் அது ஈசல், அதாவது கரையான். வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசலைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டுச் சுவரிலிருந்தோ நிலைக்கதவிலிருந்தோ கிளம்பினால் உள்ளே கரையான் இருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும்.

சுவரோரம் ஒரு சாரி எறும்பைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திண்ணையும் மோரும் நினைவுக்கு வரும். அந்தப் பையன் இப்போது வளர்ந்து, அப்பாவோடு சேர்ந்து நிலத்தைப் பார்க்கிறான். போன மழைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படி அலமாரிக்குப் பின்னால், 'விஷம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, டேப் ஒட்டிய ஒரு சின்ன டப்பா இருந்தது. மருந்துப் பாட்டில்கள் எல்லாம் மோட்டார் கொட்டகையில், ஒரு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். சாவி அவன் அம்மாவின் இடுப்பில்.